குசினிக்குள் சப்பாத்து

1993ஆம் ஆண்டு மார்ச் ஒன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அக்கணத்தில் மணிக்கூடு என் கையில் இருந்ததுதான். அதே அறையில் உறங்கும் சித்தியின் பிள்ளைகள் விழித்துவிடக் கூடாதென்று அலாரத்தை அது அடிப்பதற்கு முன்பே அணைப்பது என் வழக்கம். அணைத்து வைத்துவிட்டு எழுந்து இடது காலை ஊன்றினேன். குதியின் அடியில், சற்றே உட்பக்கமாக, ஒரு கூழாங்கல்லைத் தோலுக்குள் வைத்துத் தைத்துவிட்டாற்போல் இருந்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து அடி நடந்ததும் வலி மங்கியது. படிக்கட்டின் அடியில் இல்லாமலே போயிற்று. ஆகவே அன்றும் ஓடப் போனேன். இரண்டாவது மைலில் அது திரும்பி வந்தது.

கிங்ஸ்பரி என்ற ஆங்கிலேயப் புறநகரில் எங்கள் வீட்டில் அப்போது எட்டுப் பேர். அப்பா, அம்மா, நான், இரு தம்பிமார். இரண்டு வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த அம்மாவின் தங்கையும் அவருடைய இரு பிள்ளைகளும். சித்தியின் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. காலையில் கதவிடுக்கால் கடிதங்கள் விழும் ஓசை கேட்டால் வீடு முழுவதும் ஒரு கணம் பேச்சை நிறுத்தும். நான் இலக்கியத்தில் இறுதியாண்டு. மே மாதம் தேர்வு. படிப்பதற்கு என்று எனக்கிருந்தது கட்டிலின் பாதி.

ஓட்டத்தில் எனக்குத் திறமை கிடையாது. எவரையும் முந்தியதில்லை, முந்த விரும்பியதும் இல்லை. நீர்த்தேக்கத்தின் கரையோரமாகப் போய் மரங்களுக்கிடையே திரும்பி வரும் அந்த நாற்பது நிமிடங்களில் எவரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை என்பதே அதன் பயன். ஓடிய நாட்களில் ஒரு பக்கத்தை ஒரு முறை வாசித்தால் போதும். ஓடாத நாட்களில் அதே பக்கத்தை மூன்று முறை வாசித்தும், முதல் வரியில் யார் வந்தார் என்பதை மறந்திருப்பேன். அந்த நாற்பது நிமிடங்கள் போனால் மே மாதமும் போய்விடும் என்று நான் நம்பினேன். அது மிகையாக இருக்கலாம். ஆனால் அன்றைய களைப்பில், அந்த நம்பிக்கையைத் தவிர என்னைக் காலையில் எழுப்ப வேறொன்றும் இருக்கவில்லை.

பத்து நாட்கள் எவரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒவ்வொருவரிடமும் இதைவிடப் பெரிய ஏதோ ஒன்று இருந்தது; ஒரு குதிவலியை அவற்றின் நடுவே கொண்டுபோய் வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பதினோராவது நாள் பிரதான வீதியிலிருந்த விளையாட்டுப் பொருட்கடைக்குப் போனேன். சப்பாத்துக்குள் வைக்கும் இன்சோல்கள் ஒரு சுவர் முழுவதும் தொங்கின. சில மென்மையானவை, விரலால் அழுத்தினால் மெல்ல எழும்பி வருபவை. சில குதிக்கு மட்டும் ஆனவை, குழிந்த சிறு கிண்ணம் போன்றவை. சில கடினமான பிளாஸ்டிக் தகடுகள், உட்புற ஓரம் உயர்ந்தவை. கடைக்காரர் எதையும் விற்க அவசரப்படவில்லை. ஒரு துண்டுப்பிரசுரத்தைத் தந்து, முதலில் உன் பாதம் எத்தகையது என்று பார்த்துக்கொண்டு வா என்றார்.

பிரசுரத்தில் மூன்று பாதச்சுவடுகள் வரையப்பட்டிருந்தன. ஒன்று முழுதாகப் பதிந்த தட்டைப் பாதம், ஒன்று நடுத்தரம், ஒன்று குதிக்கும் விரலடிக்கும் இடையே ஓரமாக ஒரு மெல்லிய கோடு மட்டும் பதிந்த, வளைவு உயர்ந்த பாதம். காலை நனைத்து, ஒரு செய்தித்தாளின் மேல் நின்று, பதிந்த சுவட்டை இவற்றோடு ஒப்பிட வேண்டும் என்பது அறிவுறுத்தல்.

குளியலறையில் அப்பாவின் பழைய தமிழ்ப் பத்திரிகையை விரித்தேன். காலை நனைத்தேன். நனைந்த காலை அதன் மேல் ஓர் அங்குல உயரத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். அச்சடித்த தாளில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான். தவறிப் பட்டால் அப்படிச் செய்யலாம். வேண்டுமென்றே, அதுவும் ஈரக் காலோடு, எழுத்தின் மேல் ஏறி நிற்பது எப்படி? ஆங்கிலப் பத்திரிகை என்றால் பாதகமில்லையா என்று யோசித்தேன். மூன்று வருடங்களாக ஆங்கில இலக்கியம் படிப்பவளுக்கு அந்த யோசனை அழகல்ல என்று பட்டது. கடைசியில் கீழே போய், சமையலறையில் கை துடைக்கும் டிஷ்யூச் சுருளிலிருந்து இரண்டு தாள்களைக் கிழித்து வந்து அவற்றின் மேல் நின்றேன். எழுத்தில்லாத தாள். சுவடு அகலமாக, முழுதாகப் பதிந்தது. தட்டைப் பாதம் என்று பிரசுரத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

தட்டைப் பாதத்துக்குக் கடினமான தகடு என்றது பிரசுரம். எனக்கு அது பொருத்தமாகவே தோன்றியது. மென்மையானவற்றைக் காட்டிலும் கண்டிப்பானவற்றை நம்புவது என் இயல்பு. வாங்கி வந்தேன். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. முதல் நாள் ஒரு மணி நேரம், இரண்டாம் நாள் இரண்டு மணி நேரம் என்று, ஒரு வாரத்துக்கு வீட்டுக்குள் மட்டும் அணிந்து பழக வேண்டும். அதன் பிறகே வெளியே ஓடலாம்.

வீட்டுக்குள். அந்தச் சொல்லை எழுதியவர் எங்கள் வீட்டைப் போன்ற ஒன்றைக் கண்டிருக்க மாட்டார். எங்கள் சப்பாத்துகள் வீதிக்கதவுக்கும் உட்கதவுக்கும் இடையிலுள்ள, கண்ணாடி அடைத்த சிறு போர்ச்சில் நின்றுவிடும். உட்கதவைத் தாண்டி அவை வந்ததே இல்லை. வீட்டுச் செருப்பும் கிடையாது. குசினி என்று நாங்கள் சொல்லும் சமையலறையின் அலுமாரி ஒன்றினுள் சாமிப் படங்கள் இருந்ததால், காலுறைக்கு மேல் எதற்கும் அம்மா இடம் கொடுத்ததில்லை. எனவே அன்று பின்னேரம் போர்ச்சுக்குள் போய், தகடு வைத்த சப்பாத்தை அணிந்து, இரு கதவுகளுக்கும் நடுவில் புத்தகத்தோடு நின்றேன். அங்கே இரண்டு அடி வைக்கலாம்; பிறகு திரும்ப வேண்டும்.

சித்தி உட்கதவைத் திறந்து பார்த்தார்.

"பிள்ளை, வெளியால போறியோ, உள்ளுக்கு வாறியோ?"

"ரெண்டும் இல்லை சித்தி."

"அப்ப என்ன, எங்கட கேஸ் மாதிரியோ? உள்ளுக்கும் விடாமல் வெளியாலயும் விடாமல்."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. "சப்பாத்துப் பழக்கிறன்," என்றேன்.

"சப்பாத்தைப் பழக்கிறாய். நாங்கள் மாட்டைத்தான் பழக்கினனாங்கள். சரி, பழக்கு. குளிருது, கதவைச் சாத்துறன்."

மூன்றாம் நாள் அப்பாவைப் பார்க்க வந்த ஒரு மாமா, வீதிக்கதவைத் திறந்தவுடன் என் மேல் மோதப் பார்த்தார். "என்ன பிள்ளை, காவலுக்கோ நிக்கிறீர்? ரிக்கெட் எடுக்க வேணுமோ?" என்றார். தகட்டைப் பற்றி விளக்குவதைவிட விலகி வழிவிடுவது எளிதாக இருந்தது.

அப்படி ஒரு வாரம் நின்றேன். பிறகு ஓடினேன். முதல் நாள் அகப்பையின் முதுகில் ஓடுவது போலிருந்தது. பழகும் என்று பிரசுரம் சொன்னது. நான்காம் நாள் நீர்த்தேக்கத்தின் மறுகரையில், வீட்டிலிருந்து மிகத் தொலைவான இடத்தில், நின்றுவிட்டேன். முன்பு குதியில் மட்டும் இருந்த வலி உள்ளங்கால் நெடுகிலும் இழுத்தது. வாத்துகளைப் பார்த்தபடி அங்கிருந்த பலகையில் அமர்ந்தேன். பிறகு நொண்டி நடந்தேன். நாற்பது நிமிடம் ஒன்றேகால் மணி நேரமாயிற்று. அம்மா வேலைக்குப் போய்விட்டிருந்தார். நான் வடிக்க வேண்டிய சோற்றைச் சித்தி வடித்திருந்தார். அதைக் கண்டதும் ஏனோ அழுகை வந்தது. ஆனால் அழுவதற்கு ஓர் அறை வேண்டும்.

கல்லூரிச் சுகாதார நிலையத்துக்கு வியாழக்கிழமைகளில் பாதங்களைப் பார்க்கும் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி வருவார். அந்த வியாழன் அவரிடம் போனேன். அவர் என் தகட்டை எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டு, இதை யார் உனக்குத் தேர்ந்தெடுத்தது என்று கேட்டார். நானேதான் என்றேன். ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, தரையில் வெறும் பழுப்புத்தாள் ஒன்றை விரித்து, ஏறி நிற்கச் சொன்னார். நின்று இறங்கினேன். தாளில் ஒரு குதி, ஐந்து விரல்கள், ஓரத்தில் நூல் போன்ற ஒரு கோடு. நடுவில் ஒன்றுமே இல்லை.

"வளைவு உயர்ந்த பாதம்," என்றார். "தட்டை என்று எப்படி முடிவு செய்தாய்? எதன் மேல் நின்றாய்?"

"சமையலறை டிஷ்யூவின் மேல்."

அவர் சிரித்தார். அது தண்ணீரைக் குடித்துப் பரப்பும் தாள். அதில் எவர் நின்றாலும் தட்டையாகத்தான் தெரியும். ஏன், வீட்டில் செய்தித்தாள் இல்லையா என்று கேட்டார்.

இல்லை என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் மிகவும் தேவையற்றது அது.

பிறகு அவர் ஒவ்வொன்றாகச் சொல்லித்தந்தார். சப்பாத்தோடு வரும் பழைய உள்ளடியை முதலில் எடுத்துவிட வேண்டும். நான் அதன் மேலேயே தகட்டை வைத்திருந்தேன், அதனால் குதி மேலெழும்பிச் சப்பாத்தில் தங்கவில்லை. என் போன்ற பாதத்துக்குத் தேவை, குதியை ஆழமாக ஏந்தும் கிண்ணமும் வளைவின் வெற்றிடத்தை நிரப்பும் மென்மையும். ஒற்றைக் காலில் நின்று பார்க்க வேண்டும். எதுவும் குத்தக் கூடாது. குத்துவது பழகும் என்று காத்திருக்கக் கூடாது. நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். எழுந்திருக்கப் போகும்போதுதான் அவர் கேட்டார், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நின்றுகொண்டிருப்பாய் என்று.

மாலையில் எட்டுப் பேருக்குச் சமையல். காலையில் அம்மாவுக்கு உதவி. "நான்கு மணி நேரம். சில நாட்களில் ஐந்து."

"எத்தகைய தரை?"

வீட்டின் பின்புறம் இழுத்துக் கட்டிய சமையலறை. சீமெந்தின் மேல் டைல்ஸ். சொன்னேன்.

"காலில் என்ன?"

"காலுறை."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நாற்பது நிமிட ஓட்டத்துக்கு நீ இவ்வளவு யோசித்திருக்கிறாய், உன் குதியைக் கெடுப்பது மற்ற ஐந்து மணி நேரமும்தான் என்றார். ஆறு வாரங்களுக்கு, கட்டிலிலிருந்து இறங்கும் முதல் அடி தொடங்கி, வெறுங்காலோடு நிற்கவே கூடாது. சரியான இன்சோல் வைத்த சப்பாத்து, வீட்டுக்குள்ளும். முதல் இரு வாரங்கள் ஓட்டம் இல்லை. பிறகு பத்துப் பத்து நிமிடமாகத் தொடங்கலாம். "வீட்டில் முடியாது என்றால், ஓடுவதை விட்டுவிடுவதே நல்லது. இரண்டில் ஒன்று."

அன்று மாலையே அவர் சொன்ன விதமான இன்சோலை அதே கடையில் வாங்கினேன். அதை உறையிலிருந்து எடுக்க மூன்று நாட்களாயின. அம்மாவிடம் கேட்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அம்மா அடுப்படியில் நின்றார். சித்தி மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், இடது காலின் விரல்களில் நின்றபடி.

"அம்மா, ஒண்டு கேக்க வேணும்."

"கேளன். அதுக்கு முதல் அந்த மிளகாயைத் தா."

"கால் பாக்கிற டொக்டர் என்னை வீட்டுக்குள்ளயும் சப்பாத்துப் போடச் சொல்றா. ஆறு கிழமைக்கு."

"எந்த வீட்டுக்குள்ள?"

"இந்த வீட்டுக்குள்ள. குசினிக்குள்ள."

அம்மா அடுப்பைக் குறைத்தார். பார்வை சாமி அலுமாரிக்குப் போய் வந்தது. "சாமிக்கு முன்னால சப்பாத்தோட நிண்டு சமைக்கப் போறாய். நல்ல படிப்புத்தான்."

"அக்கா," என்றார் சித்தி, "சாமியை இந்த டைல்ஸில ரெண்டு நாள் வெறுங்காலோட நிக்க விட்டுப் பார். தானே ஒரு சோடி சப்பாத்துக் கேக்கும்."

"நீ பேசாமல் கீரையை ஆய்."

"ஆயிறன், ஆயிறன்."

"ஓடுறதை விட்டால் சரிதானே," அம்மா என் பக்கம் திரும்பினார். "ஆர் உன்னை ஓடச் சொன்னது? நாயோ துரத்துது?"

"அதை விட ஏலாது, அம்மா."

"ஏன் ஏலாது?"

மூவாயிரம் சொற்களில் கட்டுரை எழுதிப் பழகியவளுக்கு வந்தது ஒரு வாக்கியம்தான். "அந்த நேரத்தில மட்டுந்தான் எனக்கு ஒருத்தரும் இல்லை," என்றேன். சொன்ன பிறகுதான், அதை யார் முன்னால் சொல்கிறேன் என்பது உறைத்தது. சித்தி கீரையிலிருந்து தலையை எடுக்கவில்லை. அவருடைய கணவர் கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருந்தார். வெங்காயத்தின் மேல் கண்களைத் தாழ்த்திக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டால் அது இன்னும் பெரிதாகிவிடும் போலிருந்தது. கேட்கவில்லை.

பிறகு அம்மா, அகப்பையைக் கையில் வைத்தபடி, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"காலமை எழும்பி முதல் அடி வைக்கேக்கதான் கூட நோகுமோ?"

"ஓம்."

"பத்தடி நடந்தால் குறையும்."

"ஓம்."

"பிறகு பின்னேரம் திரும்ப வரும். குதியின்ர உள்பக்கம்."

இதில் எதையும் நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அப்போதுதான் அவர் நிற்கும் விதத்தைப் பார்த்தேன். வலது குதி தரையிலிருந்து ஒரு விரற்கடை உயர்ந்திருந்தது. அம்மா எப்போதும் அப்படித்தான் நிற்பார். அவருடைய நிற்கும் முறை அது என்று, அவருடைய கையெழுத்தைப் போல, நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு எத்தினை நாளா?"

"நாளோ? பள்ளிக்கூடக் குசினியில வேலைக்குச் சேர்ந்த வருசம் தொட்டு." ஏழு வருடங்கள்.

"ஏன் சொல்லேல்லை?"

"நீ சொன்னியோ?"

சித்தி நிமிர்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்ல தாயும் மகளும். காலை வெட்டி எடுத்தாலும் மற்ற ஆளுக்குச் சொல்லாயினம்."

அம்மா உப்புப் பார்த்தார். மூடியால் சட்டியை மூடினார். பிறகு, தீர்ப்பை வாசிப்பவரைப் போல், தனித்தனியாகச் சொன்னார். "றோட்டைக் கண்ட சப்பாத்து உள்ளுக்கு வரப்படாது. றோட்டைக் காணாததெண்டால் அது வேற. சாமி அலுமாரியைச் சப்பாத்தோட திறக்கப்படாது. விளக்குக் கொளுத்தேக்க கழட்டிப் போட்டுத்தான் நிக்க வேணும்."

"எல்லாச் சப்பாத்தும் றோட்டைக் கண்டதுதானே, அம்மா."

"இல்லை," என்று எழுந்து போன சித்தி, மாடியிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தார். வெள்ளைத் துணிச் சப்பாத்து; நாடாக்கள்கூடக் கோக்கப்படவில்லை. "நாங்கள் வந்த கிழமை ஒரு மண்டபத்தில உடுப்புகளோட தந்தவை. என்ர ரெண்டு காலும் ஒண்டுக்குள்ள போகும். உனக்குச் சரியாயிருக்கும், பார்."

நான் அவர் முகத்தைப் பார்க்க முயன்றேன். அவர் ஏற்கெனவே கீரைக்குத் திரும்பியிருந்தார்.

மறுநாள் காலை ஆறு மணி நாற்பதுக்கு, கட்டிலின் விளிம்பில் அமர்ந்தபடியே, புதிய இன்சோலை வைத்த வெள்ளைச் சப்பாத்துகளை அணிந்து நாடாவைக் கட்டினேன். பிறகு ஊன்றினேன். வலி போய்விடவில்லை, ஆனால் ஏதோ ஒன்று நடுவில் நின்று அதைத் தடுத்தது. படியிறங்கும்போது, அந்த வீட்டில் இதுவரை கேட்டிராத ஓசை ஒன்று என்னோடு இறங்கி வந்தது. அம்மா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என் காலைப் பார்த்துவிட்டு, எனக்கும் ஒரு கோப்பை ஊற்றினார்.

உருளைக்கிழங்கு வந்த பழுப்புக் கடதாசிப் பையை எடுத்து, எழுத்துள்ள பக்கத்தை வெட்டி நீக்கி, மீதியைத் தரையில் விரித்தேன். ஒரு தட்டில் தண்ணீர் வைத்தேன்.

"காலை நனைச்சு இதில ஏறி நில்லுங்கோ."

"கடதாசியிலயோ?"

"இதில எழுத்தில்லை, அம்மா."

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்று இறங்கினார். குதி முதல் விரல் வரை இடைவெளியே இல்லாமல் முழுப் பாதமும் பதிந்திருந்தது. அந்தச் சுவடு காய்வதற்குள் பென்சிலால் ஓரத்தை வரைந்தேன். பிறகு, பயனற்றுக் கிடந்த என் கடினமான தகடுகளை எடுத்து, குதிப்பக்கத்தைத் தொடாமல், விரல்பக்கத்தைக் குசினிக் கத்தரிக்கோலால் அந்தக் கோட்டின்படி வெட்டினேன். அம்மா போர்ச்சுக்குள் போய், தமது கறுப்பு வேலைச் சப்பாத்துகளை உட்கதவின் வாசலில், உள்ளே வராதபடி நீட்டிப் பிடித்தார். பழைய உள்ளடியை உருவி, தகட்டை வைத்துக் கொடுத்தேன். நான் உட்கதவுக்கு இப்பால் நின்றேன். றோட்டைக் காணாத என் சப்பாத்து அதைத் தாண்டக் கூடாது.

அவர் அணிந்து இரண்டு அடி வைத்துத் திரும்பினார். அங்கே அவ்வளவுதான் இடம்.

"அகப்பைக்கு மேல நிக்கிற மாதிரிக் கிடக்கு."

"முதல் நாள் ஒரு மணித்தியாலம் மட்டும் போடுங்கோ. குத்தினால் கழட்டுங்கோ. பழகும் எண்டு வைச்சிருக்கப்படாது."

"கழட்டி ஆரிட்டக் குடுக்கிறது? ரெண்டு வரிசையில பிள்ளையள் சாப்பாட்டுக்கு நிப்பினம்," என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குப் போனார்.

அது உதவுமா என்று எனக்குத் தெரியவில்லை. கடைக்காரர் ஒருவருடைய பிரசுரமும், ஒரு வியாழக்கிழமைப் பாடமும்தான் என் முழு அறிவு. அவர் வலது குதியை ஊன்றி நடக்கிறாரா என்று பார்க்க விரும்பினேன். போர்ச்சின் கண்ணாடி மங்கலானது. ஒரு கறுப்பு மேற்சட்டை சிறிதாகிப் போவது மட்டும் தெரிந்தது. நீர்த்தேக்கத்துக்கு இன்னும் பதின்மூன்று காலைகள் இருந்தன. உட்கதவைச் சாத்தினேன். பழக்கத்தில் குனிந்து ஒரு சப்பாத்தின் நாடாவை அவிழ்த்துவிட்டேன். பிறகு நினைவு வந்து, அதை மறுபடி கட்டிக்கொண்டு குசினிக்குள் போய், இரு குதிகளையும் தரையில் ஊன்றி நின்று, எட்டுப் பேருக்கும் அரிசி களைந்தேன்.